கணினி நிறுத்திய போட்

"உங்க பிள்ளைக்கு ஆகாதது எம்பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்?"

அந்தமானின் லாங் ஐலண்டு தீவில் ஒரு காலை நேரம், வீங்கிய கன்னத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு ஓர் அக்கா என் வீட்டு வாசலில் நின்று கேட்ட கேள்வி இது. அன்று என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எப்படி வந்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைச் சொல்ல முடியும். எழுதிப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் தெளியும் என்று நினைக்கிறேன்.

நான் சிவகங்கைப் பக்கத்துக்காரி. மதுரையில் கணினி அறிவியல் படித்தேன். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்தேன். என் கணவருக்கு அரசுப் போட்டில் எஞ்சின் பிரிவில் வேலை. காலையில் எங்கள் ஜெட்டியிலிருந்து கிளம்பும் அந்த போட், ரங்கத் டவுனுக்குப் போகிறவர்களை எதிர்க்கரையில் இறக்கிவிட்டுப் பிற்பகலில் திரும்பும். பெரிய மருத்துவமனை, பாங்க், நல்ல துணிக்கடை எல்லாம் எங்களுக்கு அந்தப் பக்கம்தான். தக்காளியும் மாத்திரையும் அந்த போட்டில்தான் வரும். காற்று பலமாக இருந்தால் போட் நின்றுவிடும். அதற்கு இங்கே எல்லா மொழிக்காரர்களும் சொல்வது ஒரே சொல்: போட் பந்த்.

நாளைக்கு போட் உண்டா இல்லையா என்பது ஊருக்கு முதலில் தெரியும் இடம் எங்கள் வீடு. கல்யாணமாகி வந்த புதிதிலேயே இதைப் பழகிக்கொண்டேன். பொழுது சாயும் நேரம் வேலிக்கு வெளியே ஏதாவது ஒரு பிள்ளை வந்து நிற்கும். "ஆன்ட்டி, கல் போட் ஹை?" என்று கத்தும். நாளைக்கு போட் இருக்கிறதா என்று கேட்கிறது. நான் அடுப்படியிலிருந்தே "ஹை, ஹை" என்பேன். பிள்ளை ஓடிவிடும். கொஞ்ச நேரத்தில் வேறொன்று வரும். என் மகள் பேசக் கற்றபோது 'அம்மா', 'பால்' என்ற சொற்களுக்கு அடுத்து அவள் வாயில் வந்தது "போட் ஹை".

மகளுக்கு இப்போது நாலு வயது. அவளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் பாதி அதுதான். அவளுக்கு மூன்று வயது இருக்கும்போது போர்ட் பிளேர் போயிருந்தோம். அங்கே குட்வில் எஸ்டேட் என்ற பகுதியில் கணவரின் சொந்தக்காரர் வீடு. அங்கே அவள் கையில் யாரோ ஒரு போனைக் கொடுத்தார்கள். அதில் ஒரு முயல் குதித்துக்கொண்டிருந்தது. நான் பின்னாலிருந்து கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன். அப்போதும் அவள் கண் அசையவில்லை. மற்றவர்கள் "பாரு, எவ்வளவு சமத்தா இருக்கா" என்று சிரித்தார்கள். ஊர் திரும்பியதும் ஒரு விதி போட்டேன். பள்ளிக்கூடம் சேரும்வரை அவளுக்குத் திரை கிடையாது. அவள் கண்ணில் படாமலிருக்க, விளக்கு வைத்ததும் என் போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவிடுவேன். அவள் தூங்கிய பிறகுதான் எடுப்பேன்.

இது அதிகப்படியோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். என்னைப் போன்ற படித்த பெண்களுக்கு எல்லாவற்றையும் தேடித் தேடிப் படித்துவிட்டுப் பயப்படுவதே பாதி வேலையாகிவிட்டது. ஆனாலும் விதியை மாற்றவில்லை.

இந்த நிலையில்தான் பள்ளித் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். பள்ளியில் ஒரு கம்ப்யூட்டர் அறை உண்டு. கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கி நாளாகியும் சொல்லிக்கொடுக்க ஆள் நிலைக்கவில்லை. வந்தவர் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். கடலுக்கடியில் கேபிள் வந்த பிறகு தீவில் நெட்டும் ஓரளவு ஓடத் தொடங்கியிருந்தது. "கம்ப்யூட்டர் இருக்கு, லைன் இருக்கு, ஆள்தான் இல்ல. நீங்க படிச்சது இதுதானேம்மா?" என்றார். புதனும் சனியும் பிற்பகலில், பள்ளி முடிந்த பிறகு. நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் வேலியைத் தாண்டுவதற்குள் சரி என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அவர் போன பிறகு, சரி என்றது சரிதானா என்று இரண்டு நாள் குழம்பினேன்.

அந்த அறைக்குள் போய் நின்றதும் குழப்பம் போய்விட்டது. உப்புக் காற்றில் நாற்காலிக் கால்கள் துருப்பிடித்திருந்தன. ஒரு கீபோர்டைத் தட்டியதும் எறும்புகள் வெளியே வந்தன. பல்லி ஒன்று மானிட்டருக்குப் பின்னால் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. துடைத்தேன், ஒயர்களைப் பிரித்து மாட்டினேன், ஒவ்வொன்றாக உயிர் கொடுத்தேன். ஓடாதவற்றிலிருந்து பாகங்களைக் கழற்றி ஓடுகிறவற்றுக்குப் போட்டேன். என் கை மறக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மகள் வராந்தாவில், என் கண் பார்வையில், கிளிஞ்சல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே வரக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

பிள்ளைகள் வந்தார்கள். வங்காளிப் பிள்ளைகள், தெலுங்குப் பிள்ளைகள், ராஞ்சிக்காரர் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள். அவர்களுக்குள் பேச்சு எப்போதும் இந்தி. மெயின்லேண்டில், மதுரையில், எனக்கு இந்தப் பாடத்தைத் தொடங்கியபோது, டீ போடுவது எப்படி என்று படிப்படியாக எழுதச் சொன்னார்கள். கம்ப்யூட்டருக்கு ஒவ்வொரு வேலையையும் அப்படித்தான் வரிவரியாகச் சொல்லியாக வேண்டும். நான் டீயை விட்டுவிட்டேன். "ரங்கத் போய்ட்டு வரணும். என்னென்ன செய்வீங்க? ஒரு வரிக்கு ஒரு வேலை" என்றேன். எழுதி முடித்ததும் வாங்கிப் பார்த்தேன். அநேகமாக எல்லோருக்கும் முதல் வரி ஒன்றுதான்: டீச்சர் வீட்டில் போட் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

சிரித்துவிட்டேன். பிறகு அதையே பாடமாக்கினேன். இருந்தால் என்ன செய்வீர்கள், இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? மதுரையில் என்னோடு படித்தவர்கள் 'இருந்தால், இல்லாவிட்டால்' என்ற அந்தப் பாடத்தோடு ஒரு வாரம் முட்டிக்கொண்டார்கள். இந்தப் பிள்ளைகள் அன்று மாலைக்குள் முடித்துவிட்டு வேறென்ன என்று பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அப்படித்தானே வாழ்கிறார்கள். இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும், நன்றாகவே முடியும் என்பதில் அன்றிலிருந்து எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அவர்களில் ஒரு பெண் பத்தாம் வகுப்பு. அப்பா மீன் பிடிக்கப் போகிறவர். குடும்பம் தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்தது, இரண்டு தலைமுறையாக இங்கேதான். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. பதினொன்றாம் வகுப்பில் கம்ப்யூட்டர் எடுத்துப் படிக்க வேண்டும். அதற்குத் தீவை விட்டு வெளியே போய்த் தங்க வேண்டும். "அம்மா விடணும் டீச்சர்" என்பாள் அடிக்கடி. மற்றவர்கள் மௌஸைப் பிடிக்கச் சண்டை போடும்போது இவள் அடுத்த பாடத்தைக் கேட்பாள்.

ஒரு புதன்கிழமை அவள் ஒரு சின்ன நிரல் எழுதினாள். காற்று எவ்வளவு என்று அது கேட்கும். நாம் ஓர் எண்ணைத் தட்ட வேண்டும். எண் சிறியதாக இருந்தால் போட் உண்டு என்று சொல்லும். பெரியதாக இருந்தால் திரை முழுக்கச் சிவப்பாகி, கொட்டை எழுத்தில் 'கல் போட் பந்த்' என்று வரும். அந்தச் சிவப்புக்காகவே எல்லோரும் பெரிய எண்ணாகத் தட்டித் தட்டி விளையாடினார்கள். நானும் கை தட்டினேன். பக்கத்தில் இருந்த தோழி, பெருமைக்காக, அந்தச் சிவப்புத் திரையைப் போனில் படம் பிடித்தாள். ஊருக்கென்று போனில் ஒரு குரூப் இருக்கிறது. அதில் படத்தைப் போட்டு, கீழே 'எங்கள் கம்ப்யூட்டர் கிளாஸ்' என்று எழுதினாள். அவ்வளவுதான்.

அன்று மாலை எங்கள் வேலியோரம் ஒரு பிள்ளைகூட வரவில்லை. எனக்கு அது உறைத்தது. அப்பாடா, ஒருநாளாவது அமைதி என்று நினைத்துக்கொண்டு மகளுக்குச் சோறு ஊட்டினேன். போன் அரிசிக்குள் இருந்தது; அன்று மகளோடு நானும் தூங்கிவிட்டதால் அதை எடுக்கவேயில்லை.

மறுநாள் போட் போனது. கடல் தட்டுப்போல இருந்தது. வழக்கமாக ஜெட்டியில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தில் பாதிகூட இல்லை என்று என் கணவர் பிறகு சொன்னார். யாருக்கும் காரணம் புரியவில்லை. ஹாரன் அடித்தார்கள், கொஞ்சம் காத்திருந்தார்கள், கிளம்பிவிட்டார்கள்.

போட் போய்க் கொஞ்ச நேரத்தில்தான் அந்த அக்கா வந்தார். நிரல் எழுதிய பெண்ணின் அம்மா. கடைவாய்ப் பல் வலியில் பல நாளாகத் தவித்துக்கொண்டிருந்தவர். ரங்கத்தில் பல் டாக்டர் வரும் நாள் அன்றுதான். அதை விட்டால் மறுபடி அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

"மேடம்," என்றார். வழக்கமாக டீச்சர் என்று கூப்பிடுகிறவர். "நல்லா இருக்கீங்களா மேடம்?"

"என்னக்கா, போகலையா? இன்னிக்குத்தானே பல் டாக்டர்?"

"எப்படிப் போறது? உங்க கம்ப்யூட்டர் பந்த்னு சொல்லிருச்சே."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தன் போனை நீட்டினார். சிவப்புத் திரை, கொட்டை எழுத்து.

"அக்கா, இது பிள்ளைங்க விளையாட்டு. உங்க பொண்ணு எழுதினது."

"விளையாட்டா? போட்காரர் வீட்டம்மா கிளாஸ்ல இருந்து வருது. போட்காரருக்குத் தெரியாதது யாருக்குத் தெரியும்னு ஊரே நம்பிருச்சு. எம்பொண்ணு ராத்திரி சொன்னா, 'அம்மா அது நெஜம் இல்ல, நான் எழுதினது'ன்னு. நான்தான் சொன்னேன், போடி, கம்ப்யூட்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமான்னு."

"காலைல ஹாரன் கேக்கலையா அக்கா?"

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுச்சு. நல்லா கேட்டுச்சு. அடுப்புகிட்ட நின்னு கேட்டேன். வேற ஏதோ மண்ணு ஏத்துற போட்டுன்னு நெனச்சேன்."

சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் கவனித்துவிட்டார்.

"சிரிங்க. உங்களுக்கென்ன. ஒங்க வீட்டுப் போனு எங்க கெடக்குன்னு ஊருக்கே தெரியும். அரிசி டப்பாவுல. உங்க பிள்ள பாத்துறக் கூடாது. பாத்தா கெட்டுப் போயிரும். எங்க பிள்ளைங்கள மட்டும் வரிசையா உக்கார வெச்சு அதையே பாக்க வைப்பீங்க. நேத்து அந்தப் போனு வெளிய இருந்திருந்தா நீங்களே பாத்து, இது பொய்யின்னு எழுதியிருப்பீங்க இல்ல?"

அது உண்மை. பார்த்திருந்தால் உடனே எழுதியிருப்பேன்.

"உங்க பிள்ளைக்கு ஆகாதது எம்பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்? இனிமே அவ வரமாட்டா. பதினொண்ணாவதும் வேணாம், கம்ப்யூட்டரும் வேணாம்."

துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் கணவர் வந்ததும் சொன்னேன். அவர் குளித்துவிட்டு வந்து, டீயைக் கையில் வாங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார். "மழை, காத்து, ஆபீஸ் ஆர்டர், இதுக்கெல்லாம் போட் நின்னிருக்கு. ஆள் இல்லாம போனது இதான் மொத தடவ. உன் ஸ்டூடன்ட் கெட்டிக்காரிதான், போ."

"விளையாடாதீங்க. அந்தப் பொண்ணு படிப்பே போயிடும்."

"அரே, போய்ப் பாத்துட்டு வா. வீட்ல உக்காந்து யோசிச்சா உனக்குத் தலவலிதான் வரும்."

போனேன். மகளையும் கூட்டிக்கொண்டு, ஒரு தாளில் கிராம்பு மடித்து எடுத்துக்கொண்டு போனேன். அக்கா தாளைப் பிரித்துப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்குப் பின்னால் கையைக் காட்டினார். அங்கே ஒரு கிராம்பு மரம் நின்றது. "கிராம்பு எங்க வீட்டுல காய்க்குது மேடம். பல்லுதான் போகமாட்டேங்குது."

அந்தப் பெண் கதவோரம் நின்றாள். அழுத முகம். என்னைப் பார்க்கவில்லை.

"அக்கா, ஒரே ஒருதடவை வந்து பாருங்க. என்ன சொல்லிக்கொடுக்கிறேன்னு நீங்களே உக்காந்து பாருங்க. அதுக்கப்புறம் அனுப்புறதா வேணாமான்னு முடிவு பண்ணுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"பாப்போம்" என்றார். வராமலிருக்கப் போகிறவர்கள் சொல்லும் பாப்போம்.

அடுத்த புதன் அக்காவும் மகளும் வரவில்லை. சனியும் வரவில்லை. இன்னும் சில பிள்ளைகளும் நின்றுவிட்டார்கள். தலைமையாசிரியர் "கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமாம்மா?" என்று கேட்டார். நான் முடியாது என்றேன். அவ்வளவு பட்டென்று நான் யாரிடமும் பேசியதில்லை. வீட்டுக்கு வந்து, பெரியவரிடம் அப்படிப் பேசியிருக்கலாமா என்று வருந்தினேன், ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. ஓர் ஊரே ஹாரனைக் காதால் கேட்டுவிட்டுத் திரையை நம்பி வீட்டில் இருந்திருக்கிறது. இந்த ஊருக்குக் கம்ப்யூட்டர் வகுப்பை நிறுத்துவதா, இன்னும் இரண்டு வகுப்பு கூட்டுவதா? எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது. நெட் மட்டும் வந்துவிட்டால் போதாது. அதில் வருவது எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். மெயின்லேண்டிலிருந்து ஒரு பொய்ச் செய்தி புறப்பட்டால் முன்பு அது போட் ஏறி இங்கே வருவதற்குள் செத்துப்போகும். இப்போது அப்படி இல்லை.

இருக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடத்தினேன். ஒருநாள் பாதி வகுப்பில் வாசலில் நிழல் தட்டியது. அக்கா நின்றார். துண்டு இல்லை, வீக்கம் இல்லை. பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று புரிந்தது. பின்னால் அவர் மகள்.

"எங்க உக்காரணும்?" என்றார்.

அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அந்தப் பெண் பழைய நிரலைத் திறந்தாள். காற்று எவ்வளவு என்று திரை கேட்டது.

"நீங்களே தட்டுங்க அக்கா. ஏதாவது ஒரு நம்பர்."

அவர் ஒரு விரலால், சுடுகிற சட்டியைத் தொடுவதுபோல், ஒரு பெரிய எண்ணைத் தட்டினார். சிவப்பு வந்தது. போட் பந்த். அவர் திரையைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். வெளியே ஒரு தென்னை ஓலைகூட அசையவில்லை.

"அரே, இது வெளியவே பாக்காதா?"

"பாக்காது அக்கா."

"ஆபீஸ்ல இருந்து இதுக்கு யாரும் சொல்றதில்லையா?"

"இல்ல. நீங்க ஒரு நம்பர் போட்டீங்க. பெரிய நம்பர் வந்தா பந்த்னு சொல்லுன்னு உங்க பொண்ணு எழுதி வெச்சிருக்கா. அவ எழுதினத அது சொல்லுது. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ எழுதினா எது வேணும்னாலும் சொல்லுமா?"

"சொல்லும்மா."

"அப்ப எழுது. இன்னிக்கு உங்கப்பா மீன் வெட்டுவார், வீடு கூட்டுவார், நான் கால நீட்டி உக்காருவேன்."

பிள்ளைகள் எல்லாரும் தங்கள் இடத்தை விட்டு எழுந்து வந்துவிட்டார்கள். அந்தப் பெண் தட்டினாள். இந்த முறை பச்சைத் திரை. கொட்டை எழுத்தில் மீன், வீடு, கால் எல்லாம் வந்தது. அறையே ஆர்ப்பரித்தது. அக்காவுக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. பல் எடுத்த இடம் வலித்திருக்க வேண்டும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தார்.

"இதப் போட்டோ புடிச்சு குரூப்புல போடுடி. உங்கப்பாவும் நம்பட்டும்."

பிறகு சிரிப்பு அடங்கி, திரைப் பக்கம் விரலை நீட்டினார். "டீச்சர்," என்றார் மெதுவாக, "குரூப்புல தெனமும் வருதே. இந்த எல கேன்சருக்கு நல்லது, அந்தப் பழம் சாப்பிட்டா செத்துருவோம். எங்க மாமியார் அதப் பாத்து மாத்திரைய நிறுத்திட்டாங்க. அதெல்லாம்?"

"யாரோ ஒருத்தர் எங்கயோ உக்காந்து தட்டினது அக்கா. உண்மையாவும் இருக்கலாம், பொய்யாவும் இருக்கலாம். யார் தட்டினாங்கன்னு கேக்கணும்."

"ம்ம்" என்றார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "சரி. இவ வரட்டும். பதினொண்ணாவதுக்கும் நான் தடையா நிக்கல. இந்தப் பொட்டியப் பொய் சொல்ல வெச்சதே எம்பொண்ணுதான், அவதான் அதுக்கு முதலாளின்னு தெரிஞ்சுபோச்சு."

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அக்கா இன்னும் எழுந்திருக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் நீங்க செய்யணும்."

"சொல்லுங்க அக்கா."

வராந்தாவைக் காட்டினார். என் மகள் கிளிஞ்சல்களை விட்டுவிட்டு, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்று, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ.

"அவளையும் உள்ள உக்கார வைங்க. எம்பொண்ணு பக்கத்துல."

"அக்கா, அவளுக்கு நாலு வயசுதான்."

"தெரியும். தெனமும் முழு நேரமும் உக்காரச் சொல்லல. சனிக்கிழமை ஒரு அரமணி நேரம். ஊர்ல மத்தவங்க பிள்ளைய ஏன் நிறுத்தினாங்கன்னு நெனைக்கிறீங்க? என் பல்லுக்காகவா? போட்டுக்காகவா? டீச்சர் தன் பிள்ளைய வெளிய மண்ணுல உக்கார வெச்சுட்டு நம்ம பிள்ளைய உள்ள உக்கார வைக்குதுன்னுதான். விஷம்னா எல்லாருக்கும் விஷம். சோறுன்னா எல்லாருக்கும் சோறு."

பெரிய பிள்ளைகளுக்குப் பதினைந்து வயது, அவளுக்கு நாலு வயது, இரண்டும் ஒன்றல்ல என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அதைச் சொல்லி நின்றுபோன பிள்ளைகளை அந்த அறைக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்தப் பெண் என் கையை விடாமல் நின்றாள். நான் இல்லை என்றால் அவள் அம்மா எழுந்து போய்விடுவார், இவளும் பின்னாலேயே போவாள்.

"சரி அக்கா" என்றேன். "வர்ற சனிக்கிழமையிலிருந்து."

"நானும் வருவேன், பாக்க" என்றார். அவர் சொன்னால் வருவார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் கேட்டாள்: "அம்மா, பச்சை எப்படி வந்துச்சு?" சனிக்கிழமை சொல்றேன் என்றேன். அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் இன்னிக்குச் சனிக்கிழமையா என்று கேட்கிறாள். கணவருக்கு இதில் ஒரு கவலையும் இல்லை. "கழுத்த நீட்டி நீட்டி அவ ஏற்கனவே பாதி படிச்சுட்டா, மீதிய உக்காந்து படிக்கட்டும்" என்கிறார்.

நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவேன். நின்றுபோன பிள்ளைகளில் இரண்டு பேர் திரும்பி வந்துவிட்டார்கள், மற்றவர்களும் வருவார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட எந்தப் பிள்ளையை என்னிடம் விட்டாலும் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். நாலு வயதுக்குத்தான் தெரியவில்லை. அணைத்து வைத்த மானிட்டருக்கு முன்னால் கிளிஞ்சல்களோடு உட்கார வைத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அந்த அக்கா முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். மகளும் கண்டுபிடித்துவிடுவாள், ஏன் அணைந்திருக்கிறது என்று கேட்பாள். குட்வில் எஸ்டேட் வீட்டில் தோளைத் தொட்டும் திரும்பாத அந்த முகம் மறுபடி வந்துவிடுமோ என்பதுதான் என் பயம். மானிட்டருக்கு முன்னால் அவளை நான் கூப்பிட்டு, அவள் திரும்பாவிட்டால், அதைப் பத்துப் பிள்ளைகளும் அந்த அக்காவும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். சின்னப் பிள்ளையை முதன்முதலில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்த தாய்மார், அங்கன்வாடியில் வேலை செய்கிறவர்கள், மழலை வகுப்பு ஆசிரியர்கள் யாராவது உங்களில் இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். அந்த அரைமணி நேரத்தில் முதலில் எதைக் காட்டினீர்கள்? கையை மௌஸில் வைக்க விட்டீர்களா, மடியில் வைத்துக்கொண்டு நீங்களே செய்தீர்களா? நேரம் முடிந்ததும், பிள்ளை அழாமல், நீங்கள் அதட்டாமல், எப்படி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போனீர்கள்?